மாண்பு ரைடு

இந்தப் பருவத்தில் மதுரை வட்டாரப் பெண்கள் கபடி அணிகள் எப்படி ஆடின என்று என்னிடம் கேட்கிறார்கள். மூன்று பேர் மிக நன்றாக ஆடினார்கள். ஒருவர் வாடகைக்கு நாற்காலி விடுபவர். ஒருவர் ஓய்வுபெற்ற மின்கணக்கீட்டாளர். மூன்றாமவர் கிரைண்டர் விற்பனை முகவர். மூவருமே ஆண்கள். பெண்கள் அணிகளைப் பற்றிய கேள்விக்கு இது பதிலாகுமா என்று எனக்கே சந்தேகம்தான். ஆனால் போட்டியை நடத்தும் பேரவையின் புள்ளிப் பட்டியல் அப்படித்தான் சொல்கிறது.

என் பெயர் ஆஷ்லின். பகலில் ஒரு பல் மருத்துவரிடம் டோக்கன் கொடுக்கிறேன். மாலை ஆறரைக்குச் செல்லூரில் தட்டச்சு வகுப்பு. நான்கு வருடங்களாகச் செல்லூர் அணியின் எல்லா ஆட்டங்களுக்கும் போய் நோட்டில் குறித்துவருகிறேன். தேதி, மைதானம், யார் பாடிப் போனது, எத்தனை புள்ளி. கண்ணால் தெளிவாகப் பார்த்ததை நீல மையில் எழுதுவேன். சந்தேகமானதைப் பென்சிலால் எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுவேன். வருடத்துக்கு இரண்டு பென்சில் தீர்கிறது.

தட்டச்சு வகுப்பில் எனக்கு அடுத்த மெஷினில் உட்காருபவள் செல்லக்கிளி. பகலில் விசைத்தறிப் பட்டறையில் வேலை. ஞாயிறுகளில் செல்லூர் அணியின் ரைடர். எதிரணி ஏழு பேர் நிற்கும் களத்துக்குள் 'கபடி கபடி' என்று விடாமல் பாடிக்கொண்டு தனியாக நுழைந்து, இரண்டு பேரைத் தொட்டுவிட்டு, கடைக்குப் போய் உப்பு வாங்கி வந்தவள் போலத் திரும்பி வருவாள். ஒரு அரசுத் துறையில் விளையாட்டு ஒதுக்கீட்டில் தட்டச்சர் வேலைக்கு அவள் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. தட்டச்சில் இளநிலைத் தேர்ச்சி பெற்றுவிட்டாள்; வகுப்புக்கு வருவது முதுநிலைக்கு. மீதி இருந்தது ஒரு சான்றிதழ்தான்: பேரவைப் போட்டிகளில் ஒரே பருவத்தில் தனியாளாக நூறு புள்ளி. பாடிப் போய் எடுத்தாலும் சரி, பாடி வந்தவரைப் பிடித்து எடுத்தாலும் சரி. அடுத்த ஆண்டு அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும்.

"பத்து ஆட்டம் இருக்குல்ல. ஆட்டத்துக்குப் பத்து எடுத்தாப் போதும்டி. ஏழாவது ஆட்டத்துலயே முடிச்சுட்டு, மிச்சத்துக்கு நின்னு வேடிக்க பாப்பேன்" என்றாள் செல்லக்கிளி.

அவள் கணக்கில் பிழை இல்லை. தலைமை விருந்தினர்களை மட்டும் அவள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

கபடிப் போட்டிக்குத் தலைமை விருந்தினர் வந்தால், தொடங்கி வைப்பதற்கு அடையாளமாக ஒரு ரைடு போவது எங்கள் பக்கத்து வழக்கம். அவர் வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு 'கபடி, கபடி' என்று நான்கு அடி நடப்பார். ஆட்டக்காரர்கள் பயந்தது போல ஒதுங்குவார்கள். எல்லோரும் கைதட்டுவார்கள். அவர் மேடைக்குப் போய் உட்கார்ந்ததும் விளையாட்டு ஆரம்பிக்கும். ஐம்பது வருடமாக இதில் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை.

ஜூன் முதல் ஞாயிறு, திருப்பரங்குன்றம் மைதானம். செல்லூருக்கும் திருப்பரங்குன்றத்துக்கும் முதல் ஆட்டம். தலைமை விருந்தினர் அந்த ஓய்வுபெற்ற மின்கணக்கீட்டாளர். பெண்களைக் கையால் தொடுவது முறையல்ல என்று நினைத்து, தனக்குக் கொடுத்த பூங்கொத்தால் எங்கள் அணியில் மூன்று பேரை லேசாகத் தொட்டார். நல்ல மனிதர். ஆனால் புள்ளிப் பலகை பார்த்தவர் பழக்கத்தில் 'மூன்று' அட்டையைத் தொங்கவிட்டுவிட்டார். ஆட்டம் முடிந்தபோது திருப்பரங்குன்றம் 27, செல்லூர் 25.

எங்கள் பயிற்சியாளர் பிலோமினாள் டீச்சர், மிஷன் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. கழுத்தில் விசிலோடு மேடைக்குப் போனார்.

"சார், அந்த மூணை எடுங்க. நாங்கதான் ஜெயிச்சோம்."

மதுரை மண்டலப் பெண்கள் கபடி மேம்பாட்டுப் பேரவையின் செயலாளர் சத்தியசீலன், ஒரு பள்ளியில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். கோப்புகள் மீது கை வைத்தபடிதான் பேசுவார்.

"டீச்சர், அவர் விருந்தாளி. இலையில வச்ச லட்டை நீங்க திருப்பி எடுப்பீங்களா?"

"சார், அவர் ஆடவே இல்ல."

"ஆடாமலே மூணு எடுத்திருக்காரே. அதைப் பாராட்ட வேண்டாமா?"

புகார் எழுத்தில் போனது. எழுத்தில் போனால் சத்தியசீலன் மகிழ்ச்சியடைவார் என்பது எங்களுக்குத் தெரியாது. ஐந்தே நாளில் சுற்றறிக்கை வந்தது. பல் மருத்துவமனையில் கூட்டம் குறைந்த நேரத்தில் நான் அதை முழுதாகப் படியெடுத்து வைத்திருக்கிறேன். விருந்தினர் போகும் ரைடு இனி 'மாண்பு ரைடு' எனப்படும். அது எல்லா வகையிலும் ரைடாகவே கருதப்பட்டுப் புள்ளிகள் சேர்க்கப்படும். விருந்தினர் வீராங்கனைகளைப் பூங்கொத்தால் மட்டுமே தொட வேண்டும். எந்த வீராங்கனையும் விருந்தினரைத் தொடக் கூடாது. பொன்னாடை அணிவிக்க மட்டும் நெருங்கலாம். விருந்தினரால் தொடப்பட்டவர், அந்த விருந்தினர் மைதானத்தை விட்டுக் கிளம்பும்வரை வெளியே அமர்ந்திருப்பது பண்பாடு.

ஓர் அணிக்கு எத்தனை விருந்தினர் என்று சுற்றறிக்கை சொல்லவில்லை.

இதை முதலில் கவனித்தவர் வாடிப்பட்டி அணியின் மேலாளர் சோலை. இரண்டாவது ஆட்டத்துக்கு அவர் ஒரு வேனில் பதினொரு விருந்தினர்களோடு வந்து இறங்கினார். எதிரணி மேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள். ஒவ்வொரு விருந்தினராகப் பாடிப் போனார்கள். ஆறாவது விருந்தினர் திரும்புவதற்குள் அந்த அணியில் ஏழு பேரும் வெளியே உட்கார்ந்துவிட்டார்கள். மிச்சமிருந்த ஐந்து விருந்தினர்களுக்குத் தொட ஆளில்லை. அவர்கள் மனம் வருந்தக் கூடாது என்று வெளியே உட்கார்ந்திருந்தவர்களையே இன்னொருமுறை தொட அனுமதித்தார்கள். 31–0. ஆட்டம் தொடங்கவில்லை.

அன்று டீக்கடையில் சோலை தன் நண்பரிடம் சொல்லிக்கொண்டிருந்ததை, பக்கத்தில் நின்று கேட்டேன். கேட்டது சரியா என்பது வேறு, ஆனால் கேட்டேன்.

"ஒரு ரைடர வளக்க மூணு வருசம் ஆகும் மாப்ள. முட்ட குடுக்கணும், பால் குடுக்கணும், முழங்காலுக்கு வைத்தியம் பாக்கணும். விருந்தாளிக்கு எம்புட்டு ஆகும்? ஒரு போனு. ஒரு மாலை. அம்புட்டுத்தேன்."

அடுத்த வாரமே வாடிப்பட்டியில் விருந்தினர் தேர்வுப் போட்டி நடந்தது. வேட்டி அவிழாமல் பத்து மீட்டர் நடப்பது, பூங்கொத்தை நீட்டும் தூரம், பெயருக்கு முன்னால் உள்ள பட்டங்களின் எண்ணிக்கை ஆகியவற்றுக்கு மதிப்பெண். கிரைண்டர் முகவரைக் கண்டுபிடித்தது அங்கேதான். வாடிப்பட்டியில் பவதாரிணி என்றொரு பெண் இருந்தாள். களத்தின் இடது மூலையில் நின்று எதிராளியின் காலைப் பிடித்தாள் என்றால் அது பாறை இடுக்கில் மாட்டிய கால்தான். அவளை வரவேற்புரை வாசிக்க மாற்றிவிட்டார்கள். நன்றாகத்தான் வாசிக்கிறாள்.

திருப்பரங்குன்றத்தின் கதை வேறு. அவர்கள் தேடவே இல்லை; தெய்வமாகப் பார்த்துக் கொடுத்தது. நான்காவது ஆட்டத்துக்கு வரவேண்டிய விருந்தினர் வேறொரு ரிப்பன் வெட்டப் போய்விட்டார். மைதானத்தில் ராஜபாண்டி என்பவர் வேனிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நான் சேரு இறக்க வந்தவன்ணே" என்று அவர் கெஞ்சியது என் நோட்டில் இருக்கிறது.

"சட்டை வெள்ளையா இருக்குல்ல, வாங்க" என்று சொல்லி மாலையைப் போட்டார்கள்.

ராஜபாண்டி முதல் ரைடிலேயே ஐந்து பேரைத் தொட்டார். கல்யாண வீட்டுக் கூட்டத்தில் நாற்காலி வரிசைகளுக்கு நடுவே இருபது வருடம் புகுந்து புறப்பட்டவர். உடம்பு தன்னால் வளைந்தது. அதற்குப் பிறகு அவர் மாறிவிட்டார். காலையில் மலையைச் சுற்றும் பாதையில் 'கபடி கபடி' என்று மூச்சுவிடாமல் சொல்லியபடி நடக்க ஆரம்பித்தார். வலம் வருபவர்கள் ஏதோ புது மந்திரம் என்று நினைத்து வழிவிட்டார்கள். நாற்காலி வேனில் 'ரைடர் ராஜபாண்டி' என்று எழுதினார்.

செல்லூருக்கும் ஒரு விருந்தினர் வந்தார், சொல்லாமல் விட்டால் தவறு. பிலோமினாள் டீச்சர் மூன்று நாள் அலைந்து ஒரு கல்லூரி முதல்வரைச் சம்மதிக்க வைத்தார். அவருடைய கார் எங்கள் சந்துக்குள் நுழைந்தபோது எதிரே நூல் மூட்டை ஏற்றிய மினி வேன். காரும் பின்னால் போகவில்லை, வேனும் போகவில்லை. அவர் இறங்கி நடந்தே வந்துவிட்டார். நடந்து வந்த ஒருவர் தலைமை விருந்தினராக இருக்க முடியும் என்று வாசலில் நின்ற வரவேற்புக் குழுவுக்குத் தோன்றவில்லை. "பெரியவரே, அந்தப் பக்கம் உக்காருங்க" என்று வேடிக்கை பார்ப்பவர்களோடு உட்கார வைத்துவிட்டார்கள். அந்தப் பருவத்தில் ஒரு கபடி ஆட்டத்தை முழுதாகப் பார்த்த ஒரே தலைமை விருந்தினர் அவர்தான். போகும்போது, "நல்லா இருந்தது. இவ்வளவு வேகமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இப்படியே போனதில், ஆடுவதற்கு நேரம் இல்லாமல் போயிற்று. பெண்கள் ஆட்டம் பதினைந்து நிமிடமாக இரண்டு பாதி. அதற்குள்தான் விருந்தினர் அறிமுகம், மாலை, பொன்னாடை, மாண்பு ரைடுகள், நன்றியுரை எல்லாம் அடங்க வேண்டும் என்று இன்னொரு சுற்றறிக்கை. முதல் நான்கு ஆட்டத்தில் செல்லக்கிளி எடுத்தது 19, 17, 21, 14. அடுத்த ஐந்தில் 9, 8, 5, 4, 2. நான் மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். தொண்ணூற்றொன்பது.

பென்சிலில் இன்னொன்று இருந்தது.

வாடிப்பட்டியில் எட்டாவது ஆட்டம். செல்லக்கிளி பாடிப் போய் போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தாள், அல்லது வைத்ததாக எனக்குத் தோன்றியது. எதிரணிக் களத்தின் உள்ளே உள்ள அந்தக் கோட்டை ஒரு கால் தாண்டி, மறு கால் அந்தரத்தில் இருந்தால் ஒரு புள்ளி. ஆனால் விருந்தினர்கள் நடந்து வர விரித்த சிவப்புக் கம்பளத்தை அன்று யாரும் சுருட்டவில்லை. கோடு கம்பளத்துக்கு அடியில் இருந்தது. நடுவர் சிவனாண்டி குனிந்து கம்பளத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, விரல் தூக்காமலே நிமிர்ந்தார். நான் ஒரு புள்ளி எழுதிக் கேள்விக்குறி போட்டேன்.

கடைசி ஆட்டத்தில் ஆட நேரம் கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லாததால், அதற்கு முன்பே சான்றிதழ் கேட்டுப் பேரவை அலுவலகத்துக்கு நானும் செல்லக்கிளியும் போனோம். சத்தியசீலன் அதிகாரபூர்வப் புள்ளி ஏட்டைத் திறந்தார். விருந்தினர் பெயர், கல்வித் தகுதி, வகிக்கும் பதவிகள், பொன்னாடை எண்ணிக்கை, மாண்புப் புள்ளி என்று அகலமான பத்திகள். கடைசியில் விரல் அகலத்தில் ஒரு பத்தி. அதன் தலைப்பு 'இதர'.

"இதரன்னா என்ன சார்?" என்றாள் செல்லக்கிளி.

"நீங்க எல்லாரும் எடுக்கிறதும்மா. மொத்தமா ஒரு நம்பர் போட்டுருவோம்."

"அதுல நான் எடுத்தது எம்புட்டு?"

"அதைத் தனியாப் பிரிச்சா ஏடு பெரிசாயிரும்."

நான் பையிலிருந்து நோட்டை எடுத்தேன். எடுத்தது சரியா என்று அந்த நொடியிலும் தெரியவில்லை. அவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. கோடு போட்டு எழுதியதை அவர் எப்போதும் மதிப்பவர்.

"நல்ல பதிவேடு. இதுக்கு நான் சீல் வைக்கலாம். தொண்ணூத்தி ஒன்பது சரி. இது என்ன, பென்சில்ல?"

"சந்தேகம் சார்."

"கேள்விக்குறிக்குச் சீல் வைக்க விதி இல்லையேம்மா."

வெளியே வந்ததும் செல்லக்கிளி நடுரோட்டில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தக் கேள்விக்குறிய அழிச்சிருடி."

"நான் பாக்கலையே கிளி."

"நான் வச்சேன். எங்காலு எனக்குத் தெரியாதா? ரப்பரு நானே வாங்கித் தாரேன். நல்ல ரப்பரு."

"கோடு எங்க இருந்துச்சுன்னு உனக்கும் தெரியாது. நீ கம்பளத்து மேல வச்ச."

"பத்து வருசமா ஆடுறேன். கோடு எங்க இருக்கும்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன். நீ ஒத்தப் புள்ளிக்கு இம்புட்டு யோசிக்கிற. அங்க ஒருத்தரு பூவை ஆட்டி அஞ்சு எடுக்காரு!"

அன்று வகுப்பில் அவள் மெஷினை அடித்த அடியில் நாடா அறுந்தது. என் தோழியின் வேலை ஒரு பென்சில் வளைவில் தொங்குகிறது. அழிக்க எனக்குக் கை வரவில்லை. அது நேர்மையா, வெறும் பயமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அழிக்காமல் இருப்பதற்கு ஏதாவது ஈடு செய்தாக வேண்டும் என்று மட்டும் தோன்றியது. சுற்றறிக்கையை எடுத்து வைத்து, தட்டச்சுப் பயிற்சிக்காக என்று எனக்கே சொல்லிக்கொண்டு, ஒவ்வொரு வரியாக அடித்தேன். இரண்டாவது பத்தியில் விரல் நின்றது.

"கிளி, இது சரியான்னு தெரியல. 'எல்லா வகையிலும் ரைடாகவே கருதப்படும்'னு போட்டிருக்கு. எல்லா வகையிலும்னா, பாட்டு நின்னா அவரும் அவுட்டுதானே? பிடிச்சு வச்சிருக்கப்ப நின்னா, பிடிச்சவங்களுக்குத்தானே புள்ளி?"

அவள் முகத்தைத் திருப்பவில்லை. ஆனால் மெஷின் சத்தம் நின்றது.

"தொடக் கூடாதுன்னு போட்டிருக்குல்ல?"

"ஆமா. பொன்னாடை போத்த மட்டும் பக்கத்துல போகலாம்."

"பொன்னாடைக்கு நீளம் எதும் போட்டிருக்கா?" என்று கேட்டாள்.

தேடிப் பார்த்தேன். போடவில்லை.

"சரி. நாளைக்குப் பட்டறையில நமக்கு ஜரிகைத் துண்டுதேன் ஓடுது" என்று சொல்லிவிட்டு மறுபடி அடிக்க ஆரம்பித்தாள்.

கடைசி ஞாயிறு, மறுபடியும் திருப்பரங்குன்றம். மைதானத்துக்குப் பின்னால் மலை. மலை தெரியாத அளவுக்கு முன்னால் ஃபிளெக்ஸ். அச்சிட்ட நிகழ்ச்சி நிரலில் இருபத்திரண்டு இனங்கள். இருபத்தொன்றாவது: 'ஆட்டம் (நேரம் இருப்பின்)'. மேடையில் இடுப்பளவு உயரமாகச் சிறந்த ரைடர் கோப்பை. அதில் ராஜபாண்டியின் பெயரை ஏற்கெனவே பொறித்திருந்தார்கள். நாற்பது புள்ளி எடுத்தவர். அடுத்த இடத்திலிருந்த கிரைண்டர் முகவர் முப்பத்தொன்றுதான். செல்லக்கிளி அந்தப் பட்டியலில் இல்லை. அவள் 'இதர'.

சத்தியசீலன் வரவேற்றுப் பேசினார்.

"இந்த விளையாட்டுக்காக முப்பத்திரண்டு ஆண்டுகள் உழைத்திருக்கிறேன். ஓர் ஆட்டத்தைக்கூடப் பார்க்க எனக்கு நேரம் கிடைத்ததில்லை. அவ்வளவு வேலை! வீராங்கனைகள் வருவார்கள், போவார்கள். அவர்கள் இல்லாமல்கூட ஒரு போட்டியை நாம் நடத்திவிடலாம்; இந்த ஆண்டு நடத்தியும் காட்டியிருக்கிறோம். ஆனால் விருந்தினர் இல்லாமல் ஒரு நாற்காலியாவது நிரம்புமா? நாற்காலியும் கொடுத்து, அதில் உட்காரவும் செய்து, எழுந்து ரைடும் போகிற ஒருவரை இந்த மண் இதுவரை கண்டதில்லை."

முன்வரிசையில் ராஜபாண்டியின் மனைவியும் இரண்டு மகள்களும் உட்கார்ந்திருந்தார்கள். சின்ன மகள், "அப்பா கப்பு" என்று கோப்பையைக் காட்டிக்கொண்டே இருந்தாள்.

இருபத்தெட்டாவது நிமிடத்தில் ராஜபாண்டி களத்துக்கு வந்தார். பட்டு வேட்டி, காலில் விளையாட்டு ஷூ, கையில் ரோஜாப் பூங்கொத்து. நடுக்கோட்டைத் தொட்டுக் கும்பிட்டார். "கபடி கபடி கபடி..." பாட்டு உண்மையிலேயே நன்றாக இருந்தது, மலையைச் சுற்றிய மூச்சு. எங்கள் பிள்ளைகள் ஏழு பேரும் வரிசையாக நின்றார்கள். முதல் மூன்று பேர் பூ பட்டதும் பண்பாட்டோடு வெளியே போய் உட்கார்ந்தார்கள். அவர் கணக்கு நாற்பத்து மூன்று.

நான்காவதாக நின்றவள் செல்லக்கிளி. பூங்கொத்து நீளுமுன் அவள் இடுப்பிலிருந்து எதையோ உருவி உதறினாள். வெயிலில் ஜரிகை மின்னியது. மாம்பழ மஞ்சள் நிறத்தில், யாரும் இதுவரை பார்த்திராத நீளத்தில், ஒரு பொன்னாடை.

பொன்னாடையைக் கண்டதும் ராஜபாண்டியின் தலை தானாகக் குனிந்தது. ஆறு வாரப் பழக்கம். அவள் போர்த்தினாள், சுற்றினாள், இன்னொரு சுற்றும் சுற்றினாள். இரண்டு முனையையும் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, கும்பிடுவது போல நின்றாள். கூட்டம் கைதட்டியது. மேடையில் சத்தியசீலன்தான் முதலில் தட்டினார். ராஜபாண்டி சுற்றியிருந்த துணிக்குள் நின்றபடி பாட்டை விடவில்லை. "கபடி கபடி கபடி..."

புகைப்படக்காரர் ஓடி வந்தார். எங்கே பொன்னாடை விழுந்தாலும் படம் எடுத்தே ஆக வேண்டும்.

"அண்ணே, இங்க பாருங்க."

"கபடி கபடி கபடி..."

"அண்ணே, வாய மூடுங்கண்ணே. படம் ஒரு மாதிரியா விழுது."

ராஜபாண்டி வாயை மூடிச் சிரித்தார்.

நடுவர் சிவனாண்டி பல வாரமாக விசில் ஊத வேலையில்லாமல் நின்றவர். கை தானாகப் போனது. மைதானம் முழுவதும் கேட்கும்படி ஊதி, ஒரு விரலைத் தூக்கினார். "ரைடர் அவுட்!"

அதன்பின் எல்லோரும் பேசினார்கள். சத்தியசீலன் மேடையிலிருந்து இறங்கிவந்தார். மைக்கும் கையோடு வந்ததால் மைதானத்துக்கே கேட்டது.

"சிவனாண்டி, என்ன வேலை செஞ்ச? விருந்தினர் எப்படி அவுட் ஆவாரு?"

"பாட்டு நின்னுச்சு சார். அந்தப் புள்ள புடிச்சிருந்துச்சு."

"அவுட் ஆகணும்னா முதல்ல அவர் ஆட்டக்காரரா இருக்கணும்யா!"

செல்லக்கிளி இன்னும் முனைகளை விடவில்லை. "அப்ப அவுக ஆட்டக்காரர் இல்லையா சார்?"

"இல்லை. அவர் விருந்தினர்."

"அப்ப அந்தக் கப்பு யாருக்கு சார்? சிறந்த விருந்தாளின்னா போட்டிருக்கு?"

சத்தியசீலன் சுற்றறிக்கைக் கோப்பைத் திறந்தார். காகிதம் புரளும் சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டது. நான் நோட்டுக்குள் வைத்திருந்த படியைக் கொண்டுபோய் நீட்டினேன். 'எல்லா வகையிலும் ரைடாகவே' என்ற வரியில் விரலை வைத்தேன். அவர் எழுதிய வாக்கியம். அவர் அதைப் படித்தார். பிறகு, "இந்த மாண்பு ரைடு முறையையே ரத்து செய்வது பற்றி..." என்று ஆரம்பித்தார்.

"செயலாளர் சார்" என்றார் ராஜபாண்டி, பொன்னாடைக்குள்ளிருந்து. "நான் அவுட்டு."

"அண்ணே, உங்கள யாரும் ஒண்ணும்..."

"அவுட்டுங்கிறேன்ல! ரத்துன்னா? நாப்பத்தி மூணு புள்ளி சார். காலையில நாலரைக்கு எந்திரிச்சு மலையச் சுத்தி எடுத்தது. அது பூராம் பொய்யா? எம்புள்ள அங்க உக்காந்திருக்கு." அவர் தலையால் முன்வரிசையைக் காட்டினார். "பாட்டு நின்னுச்சு. இந்தப் புள்ள என்னையப் புடிச்சிருக்கு. புடிச்சது புடிச்சதுதேன். ரைடர்னா அவுட் ஆகத்தான் செய்வான். தாயி, புள்ளிய வாங்கிக்கிட்டு இத அவுத்து விடு, மூச்சு முட்டுது."

செல்லக்கிளி முனைகளை விட்டாள். அவர் நேராக நடந்து போய், தொடப்பட்ட எங்கள் மூன்று பேருக்குப் பக்கத்தில், வெளியே தரையில் உட்கார்ந்தார். அந்தப் பருவத்தில் வெளியே உட்கார்ந்த ஒரே விருந்தினர். அங்கே அவருக்கு நாற்காலி போட யாருக்கும் தோன்றவில்லை.

நான் நோட்டைத் திறந்தேன். தெளிவாகப் பார்த்திருந்தேன். நீல மையில் எழுதினேன்: செல்லக்கிளி, ஒன்று. மொத்தம் நூறு. பேனாவை மூடுவதற்குள் நேரம் முடிந்த மணி அடித்தது. இருபத்தொன்றாவது இனம் நடக்கவில்லை.

அணிகளின் நிலையைக் கேட்டால்: வாடிப்பட்டி முதலிடம், திருப்பரங்குன்றம் இரண்டாமிடம், செல்லூர் எட்டு அணிகளில் எட்டாமிடம். விருந்தினர் புள்ளிகளைக் கழித்துவிட்டுப் பார்த்தால் செல்லூர் முதலிடம் வருகிறது. நான் செல்லூர் ரசிகை. என் கணக்கை யாரும் நம்ப வேண்டியதில்லை. அடுத்த பருவத்துக்கான சுற்றறிக்கையும் வந்துவிட்டது. பொன்னாடை நான்கு முழத்துக்கு மிகக் கூடாது. படம் எடுக்கும்போதும் விருந்தினர் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். புகைப்படக்காரர்கள் அதற்கேற்ப பயிற்சி பெற வேண்டும்.

சத்தியசீலன் சான்றிதழைச் சுத்தமாக எழுதிக் கொடுத்தார். நீல மைக்கு மட்டும் சீல். வாடிப்பட்டிக் கேள்விக்குறி அப்படியே இருக்கிறது. "இருந்துட்டுப் போகட்டும்டி" என்றாள் செல்லக்கிளி. "ஆனா நான் வச்சேன்."

நேர்முகத் தேர்வுக்கு அவள் போன வாரம் போய்வந்தாள். மேசைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகளாம். நடுவில் இருந்தவர் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "இந்த நூறாவது புள்ளியை எப்படி எடுத்தீங்க? கொஞ்சம் செய்து காட்ட முடியுமா?" என்று கேட்டிருக்கிறார். இவள் பையைத் திறந்து அந்த மஞ்சள் பொன்னாடையை எடுத்து உதறியிருக்கிறாள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் எழுந்து, சட்டைக் காலரைச் சரிசெய்து, தலையைக் குனிந்துகொண்டு, புகைப்படக்காரர் எங்கே என்று வாசலைப் பார்த்தார்களாம்.

வேலை கிடைத்துவிட்டது, அந்த உத்தரவை நான் கண்ணால் பார்த்தேன், நீல மையில் இருக்கிறது. அந்த மூன்று பேர் எழுந்து நின்றதை நான் பார்க்கவில்லை. அதனால் பென்சிலால் எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன். சின்னதாகத்தான்.